பச்சை குத்துதல்: வழக்கும் விலக்கும் காப்பும்

உடம்பை அணிசெய்ய விழையும் வேட்கை மக்கட் குலத்தின் மிகப் பழைய வேட்கைகளுள் ஒன்று. பூவும் பொன்னும் ஆடையும் சாந்தும் உடம்பின்மேல் அணியப்படுவன. வேண்டும்போது கொள்ளவும் வேண்டாதபோது களையவும் படுவன. பச்சை குத்துதல் அத்தகையதன்று. ஊசியினாலே தோலைத் துளைத்து, அத்துளையினுள்ளே நிறப்பொருளைச் செலுத்தி, அணியினை உடம்பின் ஒரு கூறாகவே ஆக்கிவிடுவது அது. அணிந்தவனோடு வாழ்ந்து அவனோடு மறைவது. ஆதலின் ஏனைய அணிகளைப் பற்றி எழாத இரு வினாக்கள் இதனைப் பற்றி எழுகின்றன. சமூகம் இதனை எவ்வாறு மதிக்கின்றது என்பது ஒன்று; உடல்நலத்துக்கு இதனால் யாது விளையும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தொடர்பற்றன போலத் தோன்றினும் ஒன்று மற்றதனைப் பெரிதும் தாக்குவதை வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

வழக்கின் பழமை

1991ஆம் ஆண்டில், இத்தாலிக்கும் ஒஸ்திரியாவுக்கும் இடைப்பட்ட அல்ப்சு மலைப் பனியினுள்ளே ஏறத்தாழ 5,300 ஆண்டுகட்கு முற்பட்ட மனிதன் ஒருவனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவ்வுடலில் 61 பச்சைக் குறிகள் எண்ணப்பட்டுள்ளன. அவை பெரும்பாலும் கோடுகளே. முழங்கால், கணைக்கால், இடுப்பின் பின்புறம் முதலிய இடங்களில் அமைந்துள்ளன. மூட்டுநோய்க்கு மருந்தாக அவை குத்தப்பட்டனவாகலாம் என்று கருதுவாரும் உளர். பிரித்தானிய அரும்பொருட்சாலையிலுள்ள எகிப்திய உடல்கள் இரண்டில் எருது, ஆடு முதலிய உருவங்கள் பச்சை குத்தப்பட்டிருத்தல் 2018ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இவ்வுடல்களும் ஐயாயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட பழமை உடையன.

ஐரோப்பிய மொழிகளில் இக்கலையைக் குறிக்கும் 'தட்டூ' என்னும் சொல் பசிபிக் தீவுகளின் 'ததாவு' என்பதன் திரிபாகும். 1769ஆம் ஆண்டில் கப்டன் குக் தகீத்தித் தீவை அடைந்தபோது அவருடன் சென்ற யோசப் பாங்ஸ் முதலியோர் இச்சொல்லையும் வழக்கத்தையும் எழுதிவைத்தனர். அக்காலந் தொட்டு இவ்வழக்கம் ஐரோப்பிய மாலுமிகளிடையே பெரிதும் பரவிற்று. பின்னர் அரண்மனையையும் எட்டியது. பிற்காலத்தில் ஏழாம் எட்வேட் மன்னரான இளவரசர் 1862ஆம் ஆண்டில் எருசலேமிலே சிலுவைக் குறி குத்திக்கொண்டார். அவர் மகனான ஐந்தாம் யோர்ச் தம் இளமையிலே, 1881ஆம் ஆண்டில், யப்பானிற் பச்சை குத்திக்கொண்டார்.

தமிழ்நாட்டில் இது குறத்தியர் கைத்தொழிலாய் நெடுங்காலம் வழங்கிற்று. கோலம், தேள், புள்ளி, பெயர் என்பவற்றை அவர்கள் ஊரூராய்ச் சென்று பெண்டிரின் கைகளிலே குத்தினர். வலி தோன்றாதிருக்கப் பாட்டும் பாடினர். சென்னை அரும்பொருட்சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தொகுத்த நூல்களில் இதற்கான மை செய்யும் முறை கூறப்படுகின்றது. மஞ்சளையும் அகத்தியிலையையும் துணியிலே தேய்த்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, அதன் கரியை மட்பாண்டத்திலே படியச்செய்து, நீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தெடுப்பது அம்முறை. வைணவர் தோளிலே சங்கும் சக்கரமும் சூட்டினால் பொறித்துக்கொள்ளும் திருவிலச்சினை இதனின் வேறாயினும், உடம்பிலே நிலையான குறியொன்றைத் தாங்குதல் சமய ஒழுக்கத்துக்கும் அயலானதன்று என்பதற்கு அது சான்றாகும்.

தோலினுள் நிகழ்வது

கரிய மையினாற் குத்தப்படுவது 'பச்சை' எனப் பெயர் பெற்றது ஏன் என்பது ஆராயத்தக்கது. மை கருநிறமுடையதே, ஆயினும் அது தோலின் ஆழத்திலே கிடக்கின்றது. மேலுள்ள தோற்படலம் நீல ஒளியைச் சிதறச் செய்து திருப்பியனுப்புகின்றது; ஏனைய ஒளி உட்சென்று கரியினால் உறிஞ்சப்படுகின்றது. எனவே கருமை நீலமும் பச்சையும் கலந்த நிறமாய்க் கண்ணுக்குத் தோன்றுகின்றது. கண்டதைக் கண்டவாறே பெயரிட்டனர் தமிழர்.

மனிதத்தோலின் மேற்பகுதி மேற்றோல் எனப்படும். அது சில வாரங்களுக்கொருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. அதன்கண் இடப்பட்ட நிறம் நில்லாது. மருதோன்றி அழிவது இதனாலேயே. பச்சை குத்துவோர் ஊசி, மேற்றோலைக் கடந்து, ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் ஆழத்திலுள்ள உட்டோலை அடைகின்றது. அவ்விடத்திற் குருதிக் குழாய்களும் நரம்புகளும் உள. அயற்பொருள் புகுந்தமையை அறிந்த உடல், தன் விழுங்குகலங்களை அங்கு ஏவுகின்றது. அக்கலங்கள் நிறத்துணிக்கைகளை விழுங்குகின்றன; ஆனால் அவற்றைச் செரிக்க இயலாது வைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கலம் இறப்பின் அது விட்ட துணிக்கையை அடுத்த கலம் பற்றிக்கொள்ளுகின்றது என்பதைப் பிரான்சிய ஆராய்ச்சியாளர் 2018ஆம் ஆண்டில் எலிகளிலே நடத்திய சோதனைகளாற் காட்டினர். ஆகவே நிலைத்த ஓவியமாகத் தோன்றுவது உண்மையில் உடலின் காவற்கலங்கள் தலைமுறை தலைமுறையாய்க் கைமாற்றி வைத்திருக்கும் ஒரு சுமையே. துணிக்கைகளுள் ஒரு பகுதி நிணநீர் வழியே சென்று நிணநீர்க் கணுக்களிலே தங்குதலும் அறியப்பட்டுள்ளது.

இவ்விளக்கத்தினாற் பெறப்படுவது யாது? பச்சை குத்துதல் வெறும் ஓவியத் தொழிலன்று; உடம்பின் அரணைப் பல்லாயிரம் முறை துளைக்கும் செயல். 1891ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே சாமுவேல் ஓ'றைலி என்பார், எடிசனின் மின்பேனாவைத் தழுவி, மின்னால் இயங்கும் குத்துபொறிக்கு உரிமைச்சாசனம் பெற்றார். அன்று தொட்டு வேலை விரைவாயிற்று, துளைகளும் பெருகின. ஒவ்வொரு துளையும் கிருமி புகுதற்குரிய ஒரு வாயிலாகும்.

விலக்கின் வரலாறு

யப்பானின் வரலாறு இவ்விடயத்திற் பெரிதும் கருதற்பாலது. அங்கே 1720ஆம் ஆண்டு தொடக்கம் குற்றவாளிகட்குப் பச்சை குத்துதல் தண்டனையாக விதிக்கப்பட்டது. அத்தண்டனை 1870ஆம் ஆண்டில் ஒழிந்தது. அதே காலத்தில் நகர மக்களிடையே முதுகு முழுவதையும் மறைக்கும் வனப்பு மிக்க ஓவியமாகவும் அக்கலை வளர்ந்தது. இவ்வாறு ஒரே குறி ஒருவனுக்கு இழிவும் மற்றொருவனுக்குப் பெருமையுமாயிற்று. மேலைநாட்டார் இகழ்வர் என அஞ்சிய மெய்சி அரசு 1872ஆம் ஆண்டில் அதனை முற்றாக விலக்கிற்று. ஆனால், மேலே கூறப்பட்ட ஆங்கில இளவரசர் 1881ஆம் ஆண்டிலே யப்பானியக் கலைஞரிடமே பச்சை குத்திக்கொண்டார் என்பது நினைக்கத்தக்கது. எவர் இகழ்வர் என அஞ்சி அக்கலை ஒளிக்கப்பட்டதோ அவரே அதனை விரும்பினர்.

விலக்கு 1948ஆம் ஆண்டில் நீங்கிற்று. எனினும் குற்றவாளிக் கூட்டத்தாரின் அடையாளம் என்ற எண்ணம் நீங்கவில்லை. பொதுக் குளிப்பிடங்கள் பலவற்றில் பச்சை குத்தியவர்க்கு இடமில்லை. 2013ஆம் ஆண்டில், தம் மரபின்படி முகத்திற் குறி தாங்கிய நியூசீலந்து மாவோரிப் பெண்மணி ஒருவர் ஒக்கைடோவிலே குளிப்பிடம் ஒன்றிலிருந்து திருப்பியனுப்பப்பட்டார். மேலும், ஊசியால் நிறம் ஏற்றுதல் மருத்துவச் செயல் ஆதலின் மருத்துவச் சான்றிதழ் உள்ளோரே அதனைச் செய்யலாம் என 2001ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அறிவித்தது. மருத்துவர் எவரும் ஓவியம் குத்த முன்வருவதில்லை ஆகையால், அது பெயரளவில் ஒழுங்குவிதியாயினும் பயனளவில் விலக்கேயாயிற்று. ஒசாகாவில் வழக்குத் தொடரப்பெற்ற தொழிலாளர் ஒருவர் தண்டப்பணம் செலுத்த மறுத்து வழக்காடினார். 2018ஆம் ஆண்டில் மேல்நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2020ஆம் ஆண்டு செப்டெம்பரில் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நிலைநாட்டிற்று.

நியூயோர்க் நகரின் விலக்கு வேறு காரணம் பற்றியது. அங்கே ஈரலழற்சி நோயாளர் சிலர்க்கு நோய் பச்சை குத்தும் கூடங்களிலிருந்து பற்றியதெனக் கொண்டு, 1961ஆம் ஆண்டில் நகரச் சுகாதார சபை அத்தொழிலைத் தடைசெய்தது. 1966ஆம் ஆண்டில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் தடையைச் செல்லும் என்றது. அச்சம் ஆதாரமற்றதன்று. குருதிவழிப் பரவும் அந்நோய்க்குக் காரணமான ஈரலழற்சி 'பி' வைரசு அக்காலத்தில் இனங்காணப்படவே இல்லை. அதன் அடையாளத்தை புளும்பேக் என்னும் விஞ்ஞானி 1965ஆம் ஆண்டிலேதான் வெளியிட்டார். காணாத பகைக்கு அஞ்சியோர் கதவை அடைத்தனர்; அவ்வளவே.

ஆயின் கதவு அடைத்தமையால் தொழில் நின்றதா? நிற்கவில்லை. தெருவோரக் கூடங்கள் மூடப்பட்டன. குத்துவோர் தத்தம் இல்லங்களிலும் மாடியறைகளிலும் மறைவாகத் தொழில் புரிந்தனர். முன்பு பரிசோதகர் ஒருவர் எவ்வேளையிலும் நுழைந்து பார்க்கக்கூடியதாயிருந்த இடம், பின்பு எவரும் நுழையமுடியாத இடமாயிற்று. ஊசி எவ்வாறு தூய்மை செய்யப்படுகின்றது என்று கேட்பார் எவருமிலர். 36 ஆண்டுகளின் பின், 1997ஆம் ஆண்டில், நகரம் தடையை நீக்கியது. குத்துவோர் நோய்த்தடுப்புப் பாடம் பயின்று உரிமம் பெறல் வேண்டும் என்னும் விதி அதன் இடத்தைப் பெற்றது. முற்கூறிய வினாவுக்கு விடை இதனுள்ளே உளது. சமூகம் ஒன்றை மறைவுக்குத் தள்ளுமாயின் அதன் தீங்கையும் தன் கண்ணுக்கு மறைத்துவிடுகின்றது.

மதிப்பின் மாற்றம்

இன்று உலகின் பல பாகங்களிலும் நோக்கு மாறிவருகின்றது. ஐக்கிய அமெரிக்காவிலே 2023ஆம் ஆண்டில் பியூ ஆய்வு நிலையம் நடத்திய மதிப்பீட்டின்படி, வயதுவந்தோருள் நூற்றுக்கு 32 பேர் ஒரு பச்சைக் குறியேனும் உடையர். பெண்களுள் நூற்றுக்கு 38 பேர், ஆண்களுள் 27 பேர். மாலுமிக்கும் படைவீரனுக்கும் உரியதென ஒருகாற் கருதப்பட்டது மகளிரிடையே மிகுதியாய் விளங்குதல் கவனத்துக்குரியது. அந்நாட்டுத் தரைப்படை 2022ஆம் ஆண்டிலே தன் விதிகளைத் தளர்த்தி, கையிலும் பிடரியிலும் சிறு குறிகள் உடையோரையும் சேர்க்க இசைந்தது.

நியூசீலந்தில் நிகழ்ந்த மாற்றம் இதனினும் ஆழமானது. மாவோரி மக்களின் 'மோக்கோ' குலத்தையும் முன்னோரையும் உரைக்கும் குறி; முகத்தில் எழுதிய குலவரலாறு எனலாம். குடியேற்ற ஆட்சியில் அருகிப்போன அது, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் தழைத்தது. மோவாயிற் குறிதாங்கிய நனாயா மகுத்தா 2020ஆம் ஆண்டில் அந்நாட்டின் வெளிநாட்டமைச்சரானார். அந்நாட்டு விமான நிறுவனம் 2019ஆம் ஆண்டு தொடக்கம் தன் ஊழியர் பச்சைக் குறிகளை வெளிப்படையாகத் தாங்க விடை கொடுத்தது. இங்கே ஏற்கப்பட்டது புதுமோகம் ஒன்றன்று; ஒரு மக்களினத்தின் மானம்.

இலங்கையும் இவ்விவாதத்துக்குப் புறம்பானதன்று. 2014ஆம் ஆண்டிலே, மேற்கையிற் புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் விமான நிலையத்திற் கைதாகி நாடு கடத்தப்பட்டார். 2017ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதெனக் கண்டு இழப்பீடு வழங்குமாறு பணித்தது. தனிமனிதனின் உடம்பு அவனது உரிமைக்குட்பட்டது என்பதை இது வலியுறுத்தும். எனினும், பிறர் வழிபடும் உருவை உடம்பிலே தாங்குவோன் அவர் உள்ளத்தையும் எண்ணிப் பார்த்தல் பண்பாடாகும். உரிமை உண்டு என்பது சிந்தனை வேண்டா என்பதன்று.

தீங்கு வரும் வழிகள்

சமூகத்தின் ஏற்பு பெருகப் பெருகக் குத்துவோரும் குத்திக்கொள்வோரும் பெருகுவர். ஆனால் கிருமிகள் சமூக மதிப்பை அறியா. தீங்கு மூன்று வழிகளால் வரும்.

முதலாவது குருதிவழித் தொற்று. ஈரலழற்சி 'பி', 'சி' என்பனவும் எச்.ஐ.வி. என்பதும் ஒருவர்க்குப் பயன்பட்ட ஊசி மற்றொருவர்க்கும் பயன்படும்போது பரவக்கூடியன. ஈரலழற்சி 'பி' வைரசு உடம்புக்கு வெளியே, காய்ந்த பரப்பிலும், ஏழு நாள்வரை உயிர்ப்புடன் இருக்கவல்லது. நோய் வெளிப்படப் பல வாரமோ மாதமோ ஆதலின், எவ்விடத்திற் பற்றிற்று என்பதை நோயாளி பெரும்பாலும் அறியான். 'பி' வகைக்குத் தடுப்பூசி உண்டு. இலங்கையில் 2003ஆம் ஆண்டு தொடக்கம் குழந்தைகட்கு அது படிப்படியாக வழங்கப்பட்டது. அதற்குமுன் பிறந்தோர் பலர் அக்காப்பின்றியே இருத்தல் கூடும். 'சி' வகைக்கோ தடுப்பூசி இல்லை, மருந்தே உண்டு.

இரண்டாவது மையின் வழி வருவது. ஊசி புதிதாயினும் மை மாசுற்றிருப்பின் பயனில்லை. ஐக்கிய அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரில் 2011ஆம் ஆண்டின் இறுதியில் 19 பேர்க்குத் தோலில் நீடித்த கொப்புளங்கள் தோன்றின. காசநோய்க் கிருமிக்கு இனமான பற்றீரியா ஒன்றே காரணமென்றும், சாம்பல்நிற மையிலே அது இருந்ததென்றும் ஆராய்ந்து கண்டனர். மூடிவந்த குப்பியினுள்ளேயே கிருமி இருந்தது என்பது அறியத்தக்கது. தொழிற்கூடத்திலே மையைக் குழாய்நீர் விட்டு ஐதாக்குவதும் இத்தகைய தீங்கை வரவழைக்கும்.

மூன்றாவது இரசாயனத் தீங்கு. நிறப்பொருள்கள் பல, தோலுக்கென ஆக்கப்பட்டன அல்ல. வண்ணப்பூச்சுக்கும் அச்சுத்தொழிலுக்கும் ஆக்கப்பட்டவை. சிவப்பு நிறத்தினால் ஒவ்வாமை மிகுதியாய்க் காணப்படுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டு சனவரி தொடக்கம் பச்சை குத்தும் மைகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்களைக் கட்டுப்படுத்தியுள்ளது. ஊசியின்றித் தீட்டப்படும் 'கறுப்பு மருதோன்றி'யும் ஐயத்துக்குரியதே. இயற்கை மருதோன்றி செந்நிறமே தரும். விரைவிற் கருமை தருவது தலைமயிர்ச் சாயத்திற் சேரும் பராபினைலீன்டயமீன் என்னும் பொருள். அது தோலைக் கொப்புளிக்கச் செய்து வடுவும் உண்டாக்க வல்லது. திருவிழாக் கடைகளிலே சிறுவர் கைகளுக்கு இது பூசப்படுதலைப் பெற்றோர் கண்டிப்பாகத் தவிர்த்தல் வேண்டும்.

காப்பு நெறிகள்

இத்தீங்குகள் அனைத்தும் பெரும்பாலும் தடுக்கப்படக்கூடியன. முறையான உரிமமும் மேற்பார்வையும் உள்ள கூடங்களிலே நோய்ப்பரவல் அரிது. சிறைக்கூடங்களிலும் வீடுகளிலும் பயிற்சியற்றோர் கையினாற் குத்தப்படும்போதே அபாயம் மிகுகின்றது என்பது ஆய்வாளர் கண்ட முடிபு.

ஊசி ஒருவர்க்கு ஒருமுறை மட்டுமே பயன்படவேண்டும். அதன் உறை குத்திக்கொள்வோர் கண்முன்னே பிரிக்கப்படல் வேண்டும். மை, பெருங்குப்பியிலிருந்து சிறு கிண்ணத்தில் அவர்க்கென வார்க்கப்பட்டு, எஞ்சியது கொட்டப்படல் வேண்டும்; குப்பியிலே மீண்டும் ஊற்றுதல் பெருந்தவறு. மீளப் பயன்படும் கருவிகள் அமுக்க நீராவியில், 121 பாகை செல்சியசு வெப்பத்தில் 15 நிமிடமேனும் வைத்துக் கிருமியகற்றப்படல் வேண்டும். மதுசாரத்தால் துடைத்தலும், திறந்த பாத்திரத்திற் கொதிக்கவைத்தலும் அதற்கு ஈடாகா. சில கிருமிகளின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. குத்துவோர் கையைக் கழுவிப் புதிய கையுறை அணிதலும், வேலைக்கு நடுவே பிறிதொன்றைத் தொட்டால் அதனை மாற்றுதலும் வேண்டும். கோயில் வீதியிலும் கடற்கரையிலும் ஒரே ஊசியைப் பலர்க்கும் பயன்படுத்தும் முறை, பழமையானது என்னும் காரணத்தால் ஏற்கப்படத் தக்கதன்று. மரபைப் பேணுதல் அதன் உருவங்களையும் பாடல்களையும் பேணுதலேயன்றி, அதன் ஊசியைப் பேணுதலன்று.

குத்திக்கொள்வோர்க்கும் கடமை உண்டு. நீரிழிவு, குருதி உறையாமை, தழும்பு தடித்து வளரும் இயல்பு என்பன உடையோர் முதலில் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். மச்சத்தின்மேற் குத்துதல் தகாது. அதிலே தோன்றக்கூடிய நோய்மாற்றம் மறைந்துவிடும். குத்தியபின் அது புண் என்பதை மறவாது, தூயநீராற் கழுவி, குளத்திலும் கடலிலும் நீராடாது, கடுவெயிலிற் காட்டாது காத்தல் வேண்டும். செந்நிறம் பரவினும், சீழ் கட்டினும், காய்ச்சல் காயினும் உடனே வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். குருதிக்கொடை செய்ய விரும்புவோர், பச்சை குத்தியபின் சில மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருக்குமாறு பல நாடுகளின் குருதி வங்கிகள் பணிக்கின்றன என்பதையும் அறிதல் நன்று.

வயதெல்லை பற்றியும் ஒரு சொல். பிரித்தானியா 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் 18 வயது நிரம்பாதோர்க்குப் பச்சை குத்துதலைத் தடைசெய்தது. இதன் காரணம் எளிது. முன்னர்க் கூறிய அமெரிக்க மதிப்பீட்டிலே, குறியுடையோருள் நூற்றுக்கு 24 பேர் ஒரு குறியையேனும் குத்தியதற்கு வருந்துவதாக உரைத்தனர். லேசர் ஒளியினால் நிறத்துணிக்கைகளைச் சிதைத்து அழிக்கலாமாயினும், அதற்குப் பலமுறை செல்லவேண்டும், பொருட்செலவு மிகும், சில நிறங்கள் எளிதிற் போகா, வடு எஞ்சுதலும் உண்டு. மாணவப் பருவத்திலே ஒருவன் நேசித்த பெயரும் கொடியும் அவன் முப்பதாம் வயதிலும் அவனோடு இருக்கும். ஓராண்டு பொறுத்தபின்னும் விருப்பம் மாறாதிருக்குமாயின் அதுவே நல்ல சோதனை.

முடிபு

பச்சை குத்தியவனை இழிந்தோன் எனக் கொள்வது அறிவன்று. ஐயாயிரம் ஆண்டுப் பழமையும் பல மக்களினங்களின் பெருமையும் அக்குறிகளிலே உறைகின்றன. குத்துதலை அற்பச் செயலாகக் கொள்வதும் அறிவன்று. தோல் திறக்கப்படும் இடத்தில் உயிர்க்கு ஊறு நேரக்கூடும். யப்பானும் நியூயோர்க்கும் விலக்கினால் எய்தாததை, உரிமமும் பயிற்சியும் பரிசோதனையும் எய்தச்செய்தல் கூடும். ஏளனம் நீங்கிய இடத்தில் வெளிச்சம் புகுகின்றது. வெளிச்சம் புகுந்த இடத்திலே ஊசி தூயதா, மை தூயதா என்று கேட்கும் துணிவும் பிறக்கின்றது. அக்கேள்வியைக் கேட்கும் பொறுப்பு அரசுக்கும் தொழிலாளர்க்கும் மட்டுமன்று, கையை நீட்டும் ஒவ்வொருவர்க்கும் உரியது.